ஈ உட்கார்ந்த கனி

மெதுவாப் பிரிங்க அக்கா. போர்வைக்குள்ள ஒரு பழைய சேலை சுத்தியிருக்கேன், அதுக்குள்ளதான் படம். பஸ்ஸுல வரும்போது கண்டக்டர் இதுக்கும் அரை டிக்கெட் எடுக்கணும்னாரு. ஏதோ பிள்ளையைப் போர்த்திப் படுக்க வெச்சிருக்கேன்னு நினைச்சாரோ என்னமோ. நான் எடுத்துட்டேன். எனக்கு வெளியாளுங்ககிட்டப் பேச்சு வராது. உங்ககிட்ட எப்படிப் பேசறேன்னு எனக்கே தெரியலை. நீங்க என் முகத்தைப் பார்க்காம படத்தையே பார்த்துட்டு இருக்கறதாலதான்னு நினைக்கிறேன். அப்படியே பாருங்க. அதுதான் எனக்கும் சௌரியம்.

அந்தக் கழுத்து நீண்ட மஞ்சள் பழத்து மேல ஒரு ஈ உட்கார்ந்திருக்குதுங்களா? அதை எடுத்துரணும். திராட்சைக் கொத்துல அடியில கொஞ்சம் சுருங்கிக் கறுத்துக் கிடக்குது, அதையும் நல்ல பழமா மாத்திரணும். இலையில ஓட்டை இருக்குது. முடிஞ்சா அதையும் அடைச்சிருங்க. இது ஆயிருச்சுன்னா நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன். அதுவரைக்கும் வாசப்படி ஏற வேண்டாம்னு எங்க அத்தை சொல்லியிருக்காங்க. மாமியாரைத்தான் அத்தைன்னு சொல்றேன்.

கெட்டவங்க இல்லைங்க. அப்படி நினைச்சுராதீங்க. தங்கமான மனுஷங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குது, சொல்றேன்.

நீங்க பிறந்த ஊர்ப்பக்கம் கனி வைக்கிற பழக்கம் இல்லைன்னு எங்கம்மா சொன்னாங்க. எங்க பக்கம் சித்திரை ஒண்ணுல கனி நோம்பி, வருஷப் பிறப்புப் பண்டிகை. முந்தின நாளே சாமி முன்னால ஒரு பெரிய தட்டத்துல மா, பலா, வாழை, பூ, வெத்தலை, நகை, ஒரு கண்ணாடி எல்லாம் அடுக்கி வெச்சிருவாங்க. விடியக்காலையில வீட்டுப் பொம்பளை ஒருத்தி முதல்ல எந்திரிச்சு, கண்ணைத் திறக்காம தடவித் தடவிப் போய் அதுல முழிப்பா. அப்பறம் ஒவ்வொருத்தரையா எழுப்பி, கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வந்து அது முன்னால நிறுத்துவா. வருஷத்துல முதல் பார்வை பழத்துலயும் பூவுலயும் விழுந்தா வருஷம் பூரா நல்லா இருக்கும்னு ஐதீகம். வருஷத்துக்கு ஒரு நாள்தான். ஊர்ல எல்லாருக்கும் ஒரு நாள்தான் அக்கா.

எங்க வீட்டுக்காரர் டெம்போ ஓட்டறாரு. இந்தப் படம் வந்தது நான் கல்யாணமாகி வந்த முதல் கனிக்கு. முந்தின நாள் இவரு வால்பாறையில ஒரு பங்களா காலி பண்ற வாடகைக்குப் போயிருந்தாரு. வரும்போது பொள்ளாச்சியில பழம் வாங்கிட்டு வரச் சொல்லி விட்டிருந்தாங்க அத்தை. மலையிறங்கும்போது வண்டி நின்னு போய், இவரு வந்து சேர்றதுக்குள்ள கடையெல்லாம் சாத்தியாச்சு. கையில ஒரு வாழைப்பழம்கூட இல்லை. அந்தப் பங்களாக்காரம்மா வேண்டாம்னு கொடுத்த இந்தப் படம் மட்டும்தான் இருந்தது.

“பழம் வாங்கிட்டு வாடான்னா படத்தத் தூக்கிட்டு வந்து நிக்கறான் பாரு. இதை வெச்சு நக்கறதா?”ன்னாங்க அத்தை.

“இதுல இல்லாத பழமாம்மா? பொள்ளாச்சிச் சந்தையவே கொண்டாந்திருக்கேன். காசும் இல்லை, ஈயும் மொய்க்காது”ன்னாரு இவரு.

ஈ மொய்க்காதுன்னு அவரு வாயாலதான் சொன்னாரு. இப்ப நினைச்சுப் பார்க்கறேன்.

வேற வழியில்லாம இதையே சாமி முன்னால சாத்தி, நாலு மூலைக்கும் குங்குமம் வெச்சாங்க. காலையில எல்லாரும் இதுலதான் முழிச்சோம். போர்க் கிணறு போடற வண்டிக்காரங்களுக்கு நோம்பி ஏது, அன்னிக்கும் எங்க தக்காளிக் காட்டுல துளை போட்டுட்டு இருந்தாங்க. அதுக்கு முன்னாடி போட்ட இடத்துல எல்லாம் வெறும் புழுதிதான் வந்தது. அன்னிக்கு மத்தியானம் தண்ணி பீறிட்டு அடிச்சதுங்க. மாமா அந்தச் சேத்துத் தண்ணியில உட்கார்ந்து அழுதுட்டாரு.

அத்தை நேரா வீட்டுக்கு வந்து படத்து முன்னால நின்னாங்க. “வருசத்துல ஒரு நா பாத்ததுக்கே தண்ணி வந்திருச்சு. தெனமும் பாத்தா?”ன்னாங்க.

“தெனமும் யாரும்மா வெள்ளென எந்திரிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வர்றது?”ன்னு கேட்டாரு கொழுந்தனாரு. கவின்னு பேரு, இவருக்குத் தம்பி.

“ஏன், அதான் மருமக வந்திருக்கறாளே.”

அப்படித்தான் ஆரம்பிச்சது.

கூடத்துச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினாங்க. மேல ஒரு குட்டி பல்பு. கீழ ஒரு சின்னக் கண்ணாடி, கனியைப் பார்த்ததும் அவங்கவங்க முகத்தையும் பார்த்துக்கணும்கிறதுக்கு. நான் அந்தக் கண்ணாடியில பார்த்துக்கறதில்லை. நேரம் இருக்காது.

நான் முதல்ல கண்ணை மூடிட்டே போய் முழிச்சுருவேன். புதுசுல பீரோவுல நெத்தியை முட்டிக்குவேன், அப்பறம் பழகிருச்சு. அடுத்தது மாமா. அவரு தக்காளி மார்க்கெட்டுக்குப் போகணும், இருட்டோட எந்திரிப்பாரு. மாமனாரை நான் எப்படிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது? அதனால ஒரு துண்டு. ஒரு முனையை அவரு பிடிச்சுக்குவாரு, ஒரு முனையை நான் பிடிச்சுக்குவேன். கண்ணை இறுக மூடிட்டு, “படி இருக்குதா அம்மிணி, படி இருக்குதா”ன்னு கேட்டுட்டே வருவாரு. எங்க வீட்டுக்குள்ள படியே இல்லைங்க.

அப்பறம் அத்தை. அவங்களுக்கு முழங்கால் வலி. என் மணிக்கட்டைப் பிடிச்சு முழுப் பாரத்தையும் என் மேல போட்டுத்தான் வருவாங்க. அப்பறம் இவரு. கல்யாணமான புதுசுல என் சடையைப் பிடிச்சுட்டு வருவாரு, விளையாட்டா. இப்ப என் தோள்ல கையைப் போட்டுட்டு நின்னுட்டே தூங்கறாரு. அப்பறம் இந்தப் பிள்ளையை, வர்ஷினியை, இடுப்புல வெச்சுக் கொண்டாரணும். கொழுந்தனாருக்கு மில்லுல ராத்திரி வேலை. அவரு பொழுது மத்தியானம்தான் விடியும். சோறு ஆக்கிட்டு இருக்கும்போது “அண்ணீ”ன்னு சத்தம் வரும். அடுப்பைக் குறைச்சுட்டு மறுபடியும் துண்டோட ஓடணும். அவரு முழிச்சதும் போனைப் பார்த்துரக் கூடாதுன்னு அதை வாங்கி வெச்சுக்கறதும் என் பொறுப்பு.

மாமா நடுராத்திரியில ஒண்ணுக்குப் போக எந்திரிப்பாரு. அது விடியலா இல்லையான்னு வீட்டுல ஒரு வழக்கே நடந்தது. இவரு சொன்னாரு, அது கணக்குல வராதும்மான்னு. அத்தை யோசிச்சாங்க. வீட்டுக்குள்ளயே திரும்பிப் படுத்தா கணக்கில்லை, கதவைத் திறந்து வெளியில போனா அது விடியல்தான்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல கக்கூஸ் வெளியில இருக்குது. ஆனா மத்தியானத் தூக்கத்துக்கு வேண்டாம்னுட்டாங்க. அந்த விஷயத்துல அத்தைக்கு என் மேல பிரியம்தான். என்னைப் பார்த்துட்டே, “பாவம், அவளும் கொஞ்சம் உக்காரட்டும்”னாங்க. நான் உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பேன்.

எனக்கு ஒரு அசதி இருக்குதுங்க அக்கா. எப்ப இருந்துன்னு கேட்டா சொல்லத் தெரியாது. நின்னுட்டு இருக்கும்போதே கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கும். அதுவும் அந்த ஈயாலதான்னு அத்தை சொல்றாங்க. இருக்கலாம். தினமும் நான்தானே முதல்ல பார்க்கறேன்.

வர்ஷினி, அந்த பிரஷ்ஷைத் தொடாதே சாமி. அத்தை திட்டுவாங்க. உங்களைச் சொல்லலைங்க, நீங்க எதுக்குத் திட்டப் போறீங்க. பழக்கத்துல வருது.

மத்தவங்க இந்தப் படத்தை ஒரு நொடி பார்ப்பாங்க. கும்பிடுவாங்க, போயிருவாங்க. நான்தான் நின்னு பார்த்தவ. மாமா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இருமுவாரு. இருமி முடிக்கட்டும்னு துண்டைப் பிடிச்சுட்டு நிப்பேன். அந்நேரத்துல வீட்டுல இந்தப் படத்து மேல இருக்கற பல்பு வெளிச்சம் மட்டும்தான். பார்க்கறதுக்கு வேற என்ன இருக்குது?

முதல்ல பழமும் பூவும் மட்டும்தான் தெரிஞ்சது. மாதுளை ஒண்ணு வெடிச்சுக் கிடக்குதுங்களா, அது தெரியும். ரோசாப்பூ தெரியும். இந்தக் கோடு போட்ட கிண்ணம் மாதிரி நிக்கிற பூ என்னன்னு தெரியாது. இந்தப் பழம், கொய்யாவுக்குக் கழுத்து முளைச்ச மாதிரி, இது பேரிக்காய்ங்களா? இவரும் அதைத்தான் சொன்னாரு. நான் ஏழாவதோட நின்னவ, எனக்கு எப்படித் தெரியும். எங்க வீட்டுக் கொய்யாவை யாரோ இழுத்து விட்டாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அப்பறம் ஒரு மழை மாசத்துல ஈ தெரிஞ்சது. நிஜ ஈன்னு நினைச்சு முந்தானையால ஓட்டினேன். போகலை. கிட்டப் போய்ப் பார்த்தா வரைஞ்சது! கால்ல முடி மாதிரிக் கோடு இருக்குது, றெக்கைக்குள்ள பழத்து மஞ்சள் தெரியுது. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. வாயைப் பொத்திட்டு நின்னேன். உள்ள மாமா, “என்ன அம்மிணி, வரலாமா?”ன்னாரு. அன்னிக்குப் பூரா அந்த ஈயை நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. சொல்றதுக்கு என்ன இருக்குதுன்னு விட்டுட்டேன்.

அப்பறம் ஒவ்வொண்ணாத் தெரிஞ்சது. திராட்சை சுருங்கினது, இலையில பூச்சி தின்ன ஓட்டை, ஒரு இதழ் உதிர்ந்து மேசை விரிப்பு மேல கிடக்கறது. அந்த ஜாடியோட வயித்துல பாருங்க, குட்டியா ஒரு ஜன்னல் தெரியுது. படத்துல ஜன்னல் இல்லை, ஆனா ஜாடியில மட்டும் இருக்குது. அது எதிர்ப்பக்கம் இருக்கற ஜன்னல்னு கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. நாம நிக்கிற பக்கம்.

இந்த எலுமிச்சம்பழத்தைப் பாருங்க அக்கா. பாதி உரிச்சு அப்படியே விட்டிருக்குது. தோல் சுருண்டு மேசைக்குக் கீழ தொங்குது. கத்தி பக்கத்துலயே கிடக்குது. யாரோ உரிச்சுட்டு இருந்திருக்கா. உரிச்சுட்டு இருக்கும்போதே கூப்பிட்டிருக்காங்க. ‘இதோ வர்றேனுங்க’ன்னு கத்தியைப் போட்டுட்டு ஓடியிருக்கா. போன இடத்துல இன்னொரு வேலை, அங்கிருந்து இன்னொண்ணு. திரும்பி வர முடியலை. அதுக்குள்ள பூ உதிர்ந்திருச்சு, ஈ வந்து உட்கார்ந்திருச்சு. அவ்வளவுதான். எனக்கு அது அழுகலாவே தெரியலைங்க. வேலை நடக்கற வீடுன்னுதான் தெரிஞ்சது.

சிரிக்கறீங்க. வரையறவங்க வேணும்னேதான் அப்படி வரைவாங்களா? இருக்கும், உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பொண்ணு நினைப்புதான். இத்தனை பழத்தையும் கழுவி அடுக்கினது யாரு? பூ வாடறதுக்குள்ள வெட்டிக் கொண்டாந்தது யாரு? அவ எந்நேரத்துக்கு எந்திரிச்சாளோ. படத்துல ஆளே இல்லை பாருங்க. எனக்கு மட்டும் அவ இருக்கற மாதிரியே இருக்கும். துண்டைப் பிடிச்சுட்டு நிக்கும்போது, நீயும் எந்திரிச்சுட்டியான்னு மனசுக்குள்ள கேட்டுக்குவேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கும். அப்பறம் மாமா இருமி முடிச்சுருவாரு.

இப்ப எதனால சண்டைன்னு கேக்கறீங்களா. சண்டை இல்லைங்க. சண்டை போட நான் யாரு.

கொழுந்தனாருக்குப் பொண்ணு பார்த்து, ரெண்டு பக்கமும் பிடிச்சுப் போச்சு. போன மாசம் பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பார்க்க வந்தாங்க. அது ஒரு வழக்கம், பொண்ணு வாழப்போற வீட்டை வந்து பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. பொண்ணோட பெரியம்மா ஒருத்தங்க டீச்சர். கண்ணாடி போட்டுட்டு, எல்லாத்தையும் நிதானமாப் பார்க்கிறவங்க. காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்க படத்துக்கிட்டப் போய் நின்னு, என்னாட்டவே கையை வீசி ஈயை ஓட்டினாங்க.

“ஏனுங், இந்த ஈ போக மாட்டீங்குது... அட! வரைஞ்சதுங்களா? பழமும் கொஞ்சம் அழுகலா இருக்குதுங்களே”ன்னாங்க.

அத்தை முகம் செத்துப் போச்சு. எந்திரிச்சுப் போய்ப் பார்த்தாங்க. அத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அவங்க கிட்டப் போய்ப் பார்க்கறாங்க. ஆனா வந்த ஒறம்பரை, விருந்தாளிங்க முன்னால விட்டுக் கொடுப்பாங்களா? சமாளிச்சுட்டாங்க. “அது பழைய காலத்துப் படமுங்க. எங்க வீட்டுல எல்லாரும் தெனமும் இதுலதான் முழிப்போம். கண்ணைத் திறக்காமக் கொண்டாந்து நிறுத்தறதுக்குன்னே மருமக இருக்கறா. நாங்க ஒரு நாக்கூட விட்டதில்லை”ன்னு முழுக் கதையும் சொன்னாங்க. துண்டு, போர் தண்ணி, கொழுந்தனாரு மத்தியானம் முழிக்கறது எல்லாம்.

அந்த டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. “நீ எந்நேரத்துக்குக் கண்ணு எந்திரிப்பே?”ன்னாங்க.

முந்தானையைப் பிடிச்சுட்டு நின்னேன்.

அத்தைதான் சொன்னாங்க. “அவ எந்திரிச்சுருவாளுங்க, அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்லை. இனிச் சின்னவ வந்துட்டா ரெண்டு பேரும் மொற வெச்சு மாத்திக்கலாம். உங்க பொண்ணுக்கும் பழகிருமுங்க.”

எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷமா இருந்தது அக்கா. முறை வெச்சுக்கலாம்னு அத்தை வாயால வந்தது அன்னிக்குத்தான். அந்தப் பொண்ணும் வந்திருந்தா, பச்சைச் சேலை கட்டிட்டு. நான் அவளைப் பார்த்துச் சிரிச்சேன். அவ சிரிக்கலை. அவங்கம்மாவைப் பார்த்தா, அவங்கம்மா அந்த டீச்சரம்மாவைப் பார்த்தாங்க. கூச்சம்போலன்னு நினைச்சேன். எல்லாரும் காபியைப் பாதியில வெச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. போகும்போது டீச்சரம்மா மட்டும் என் கன்னத்தைத் தொட்டு, “தூங்கு கண்ணு”ன்னாங்க. பொழுது இருந்தது, வெயிலே இறங்கலை. எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

ரெண்டு நாள் கழிச்சு, சம்பந்தம் வேண்டாம்னு ஆள் விட்டுட்டாங்க. காரணம் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையாம். காரணம்தான் தெரியுமே, அழுகின பழத்துல முழிக்கிற வீடுன்னு நினைச்சிருப்பாங்க. ஒரு ஈயால ஒரு கல்யாணம் நின்னு போச்சு பாருங்க.

அத்தை அழுதாங்க. கூடத்துல உட்கார்ந்து, “இந்த ஈ எப்ப வந்துச்சுன்னே தெரியலையே, எந்தப் பாவி கண்ணு பட்டு வந்துச்சோ”ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. எனக்குப் பார்க்கப் பொறுக்கலை. சமாதானம் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். நான் அந்த வீட்டுல தானா வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன்.

“புதுசா வரலைங்க அத்தை. அது முதல்ல இருந்தே இருக்குதுங்க. எனக்குத் தெரியுமுங்க”ன்னேன்.

அவ்வளவுதான்.

“தெரியுமா? தெரிஞ்சுட்டேவா இத்தனை வருசம் எங்க கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வந்து அழுகலைக் காட்டினே?”

மாமா துண்டைத் தோள்ல போட்டுட்டு வாசல்ல போய் நின்னுட்டாரு. கொழுந்தனாரு என் முகத்தைப் பார்க்கலை. அத்தை ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாங்க. டெம்போ பள்ளத்துல இறங்கினது, மாடு கன்னு போடாமப் போனது, அவங்க முழங்கால். எல்லாம் ஈ. அப்பறம், எனக்கு ரெண்டாவது தரிச்சுத் தங்காமப் போனதையும் சொன்னாங்க. “ஒம் வயித்துல இருந்ததையே இது தின்னுருச்சு, அப்பவாச்சும் சொன்னியா?”ன்னாங்க.

அந்த வாரம்கூட நான் ஒரு நாள் விட்டதில்லைங்க அக்கா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே, சுவத்தைப் பிடிச்சுட்டு எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தினேன். அத்தை கை என் மணிக்கட்டுல இருந்தது, எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்தது, அப்பவும் விடலை. அதை அவங்க மறந்துட்டாங்க. அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மத்தபடி ஒண்ணுமில்லை.

இவரு என்ன சொன்னாருன்னா, “சொல்லியிருக்கலாமில்ல ரேணு”ன்னாரு. ரேணுகான்னு என் பேரு. அவரு வேற என்ன சொல்லுவாரு, பாவம். அம்மாவை எதுத்துப் பேசிப் பழக்கமில்லை. படத்தை அவரே கழட்டிப் போர்வையில சுத்தி, பஸ் ஏத்திவிட்டாரு. “உங்கம்மா ஊருல படம் வரையறவங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னே இல்ல, அவங்ககிட்டக் கொடுத்து ஈயை எடுத்துட்டு வந்துரு. அம்மா சரியாயிருவாங்க”ன்னாரு. உங்களைத்தான்.

வந்ததும் மறுநாளே உங்ககிட்ட வந்திருக்கணும். எனக்குத்தான் உடம்பு சரியில்லாமப் போச்சு. காய்ச்சல் இல்லை, ஒண்ணும் இல்லை. தூக்கம். படுத்தா எந்திரிக்க முடியலை. வெயில் ஓட்டுச் சந்துல இறங்கி மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கறேன். இது என்ன நோவுன்னு எங்கம்மாகிட்டக் கேட்டேன். அவங்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எழுப்பறதும் இல்லை. கண்ணைத் திறந்தா நேரா கொடியில காயற துணிதான் தெரியுது. எங்கப்பன் வேட்டி, பிள்ளை ஜட்டி. அதுலதான் தினமும் முழிக்கிறேன். இதுவரைக்கும் கெட்டது ஒண்ணும் நடக்கலை.

அங்கதான் கஷ்டப்படறாங்க. போன் வந்துட்டே இருக்குது. உரக்கடைக் காலண்டர்ல பழக்கூடை போட்ட படத்தைக் கிழிச்சு ஒட்டியிருக்காங்களாம், ஆனா கூட்டிட்டுப் போக ஆளில்லை. மாமா கண்ணை மூடிட்டுத் தனியா நடந்து கதவுல முட்டி, புருவத்துல ரத்தமாம். பால் தினமும் பொங்கிக் கீழ போகுதாம். கொழுந்தனாரு போன்ல முழிச்சுட்டு வேலைக்கு லேட்டாப் போறாராம். அத்தையே என்கிட்ட, “கோவிச்சுக்காதே அம்மிணி, நீ இல்லாம வீடு வீடாவே இல்லை”ன்னாங்க. எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இன்னிக்குக் காலையிலயும் பேசினாங்க. அப்ப இவ பொம்மையை வெச்சு விளையாடிட்டு இருந்தா. இவளுக்கு ஒரே விளையாட்டுதான், பொம்மையோட கண்ணை ஒரு கையால பொத்திக்குவா, “வாங் வாங், படி இல்லீங்”ன்னு மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போய்ச் சுவத்து முன்னால நிறுத்துவா. அந்தச் சத்தம் போன்ல அத்தைக்குக் கேட்டிருச்சு. ஒரே சிரிப்பு. “அடி என் ராசாத்தி! இப்பவே பழகிக்கிட்டாளா? நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு வருசத்துல உங்க மாமாவுக்கும் எனக்கும் இவளே போதும். உனக்கு ஒரு கை ஆகும்”னாங்க.

ஆமாங்க அத்தைன்னேன்.

வேற என்ன சொல்றது. எனக்கு உதவியாத்தானே சொல்றாங்க. போனை வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் இவளையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன ஆளுங்க அக்கா, தொட்டில்ல இருந்து இப்பத்தான் பாய்க்கு வந்தவ. இவளும் காலையில கண்ணைத் திறக்க முடியாமத் திணறுவா. அங்க இருக்கும்போது நான்தான் இடுப்புல தூக்கிட்டு வருவேன், தலை என் தோள்ல தொங்கும். இங்க வந்த பிறகு எனக்கு முன்னாடி முழிச்சு, என் கண் இமையை விரலால பிரிச்சுப் பார்க்கறா, உள்ள இருக்கேனான்னு.

பேசிட்டே இருக்கேன். உங்க வேலை கெடுது.

என்னங்க? இப்பவேவா? ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ளயா? அவ்வளவுதானா அந்த ஈ?

இருங்க அக்கா. பிரஷ்ஷைக் கொஞ்சம் கீழ வைங்க.

இல்லை, எடுக்க வேண்டாம்னு சொல்லலை. எடுக்கணும்தான். எடுத்தா நான் போயிரலாம், நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கே போயிரலாம். அத்தை ஆலாத்தி எடுத்துக் கூப்பிடுவாங்க. துண்டைத் துவைச்சு வெச்சிருப்பாங்க. அதெல்லாம் சரிதான். ஈயை எடுத்துட்டு, திராட்சையை மாத்திட்டு, இலையை அடைச்சுட்டா, அப்பறம் அந்த எலுமிச்சம்பழம் மட்டும் பாதியில கிடந்தா நல்லா இருக்காது. அதையும் முழுசா ஆக்கணும். கத்தியை எடுத்துரணும். அப்பறம் அவ அங்க வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளமும் இருக்காது. பழம் தானா வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒண்ணுமில்லை. என்னமோ தோணுச்சு. படிக்காதவ பேச்சு, போச்சாதுங்க, விட்டுருங்க.

இந்தாங்க, போன் அடிக்குது. அத்தைதான். இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவாங்க, எப்ப வர்றேன்னு கேக்கறதுக்கு.

நீங்களே பேசுங்க அக்கா. நான் பேசினா குரல்லயே தெரிஞ்சுரும், எனக்குப் பொய் வராது. அந்தப் பச்சையை அமுக்கணும். அம்மான்னு கூப்பிடுங்க, சந்தோஷப்படுவாங்க. எண்ணெய்ச் சாயம் சீக்கிரம் காயாதுன்னு சொல்லுங்க, அது நிஜம்தானே? நல்லாக் காஞ்ச பிறகுதான் கொடுப்பேன்னு சொல்லுங்க. ஆடி கழியணும்னு சொல்லுங்க.

எந்த ஆடின்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிருங்க.